மூன்றாவது கேள்வி

பூரணம் டீச்சரைச் சிறந்த ஆசிரியை என்று யாரும் சொன்னதில்லை. அவரும் யாரையும் அப்படிச் சொன்னவரல்ல. காலையில் ஆங்கிலத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். சனிக்கிழமை பிற்பகல்களில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருந்த சமூக நிலையத்தில், பெண்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார். யார் எந்த வாக்கியம் சொன்னாலும் அதில் ஒரு பிழை கண்டுபிடித்துத் திருத்துவார். பிழை இல்லாவிட்டால் உச்சரிப்பைத் திருத்துவார். அதுவும் சரியாக இருந்தால், "ம்" என்பார். அந்த 'ம்'தான் அவரிடம் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு. வகுப்புப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் திருத்தம் டீச்சர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் வகுப்பு தொடங்கியபோது இருபத்திரண்டு பேர் வந்தார்கள். நகராட்சித் தொழிலாளிகளின் மனைவிகள், கடைக்காரர் வீட்டுப் பெண்கள், ஆஸ்பத்திரித் துணி வெளுப்பவர்கள். டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்வதைப் போலவே சொன்னார். "திஸ் இஸ் எ பென்." இருபத்திரண்டு பேரும் பஜனை பாடுவதுபோல அதைத் திருப்பிச் சொன்னார்கள். மூன்றாம் மாதம் பதினைந்து பேர்தான் மிஞ்சினார்கள்.

இவர்களுக்குக் கவனம் போதாது என்று டீச்சர் முதலில் நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தையில் அந்த எண்ணம் உடைந்தது. வகுப்பில் வாயே திறக்காத ரத்தினம்மா, சீனக் காய்கறிக்காரரின் கடை முன்னால் நின்று மலாயில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையில் கத்தரிக்காய், இன்னொரு கையில் கூடை. "பெராப்பா?" என்று விலை கேட்டார். பதில் வந்ததும், "மஹால் லா, தௌக்கே", விலை அதிகம் முதலாளி, என்று காயைத் திரும்ப வைப்பதுபோல வைத்தார். கடைக்காரர் ஏதோ சொன்னார். ரத்தினம்மா சிரித்துக்கொண்டே இன்னும் ஏதோ சொன்னார். பத்து வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கப்பலேறி வந்தபோது அவருக்கு மலாயில் ஒரு சொல்கூடத் தெரியாது. பள்ளிக்கூடம் வைத்து யாரும் சொல்லிக்கொடுக்கவுமில்லை.

டீச்சர் அன்று காய் வாங்காமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நமக்குத் தேவையான ஒன்று எதிராளியின் கையில் இருக்கும்போது பேச்சு தானாகப் பிறக்கிறது. யாருக்கும் தேவைப்படாத பேனாவைக் காட்டி இது பேனா என்று சொல்லச் சொன்னால் அந்த வாக்கியத்தை யார் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள்? இருபது வருஷ ஆசிரியைக்கு இது இப்போதுதான் தெரிந்தது என்பது பெருமைப்பட வேண்டிய செய்தியல்ல. ஆனால் தெரிந்த மறு வாரமே அவர் அதன்படி நடந்தார். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை.

மறு சனிக்கிழமை வகுப்பில் பெஞ்சுகள் திரும்பியிருந்தன. ஒரு பெஞ்சின்மேல் வெண்டைக்காய், தக்காளி, தேங்காய், நாலு முட்டை. மாணவிகளில் ஒருவரான தங்கம்தான் கடைக்காரி. மற்றவர்கள் வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் கேட்டால்தான் பொருள் கைக்கு வரும். அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதும் இடம். பிறகு தபால் நிலையம். பிறகு பஸ்.

பஸ் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. நாற்காலிகளை இரண்டிரண்டாக வரிசை போட்டார்கள். அத்தர்க் கடைக்காரர் சேக் தாவூதின் மனைவி நூருன்னிசா, சந்தைப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்டக்டரானார்.

"வேர் யூ கோயிங்?"

"வேர் ஆர் யூ கோயிங்" என்று திருத்தினார் டீச்சர்.

"ஆர் யூ கோயிங்?"

"கேலாங்" என்றார் தங்கம்.

"கேலாங்குக்கு இந்த பஸ் போவாதுலா. எறங்கு எறங்கு."

"இங்கிலீஷில் இறக்குங்கோ" என்றார் டீச்சர். அறை முழுக்கச் சிரித்தது.

பஸ்ஸுக்கு வெளியே, கதவோரத்தில், ஒருவர் காத்து நிற்க வேண்டும். 'என்ன செய்கிறாய்' என்று கேட்டால், 'ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் த பஸ்' என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தை ரத்தினம்மா தனக்கென்று எடுத்துக்கொண்டார். ஒரே வாக்கியம், தப்பு வராது, அதனால் பிடிக்கும் என்றார். அவர் இந்த வகுப்புக்கு வந்த காரணம் எல்லாருக்கும் தெரியும். மகனுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தாதி எது கேட்டாலும் 'யெஸ்' என்று தலையாட்டினார். யெஸ் சொல்லிச் சொல்லி வேறு வரிசையில் போய் நின்று மாலைவரை காத்திருந்தார். "என்ன கேக்குறாங்கன்னு தெரிஞ்சு ஒரு தடவையாச்சும் 'நோ' சொல்லணும் டீச்சர்" என்று முதல் நாளே சொன்னார். டீச்சர் அதற்கு "ம்" என்றார்.

அந்த ஆண்டு முடியும் நேரத்தில் கல்விப் பகுதியிலிருந்து கடிதம் வந்தது. தைப்பொங்கல் கழிந்த இரண்டாம் சனிக்கிழமை ஓர் அதிகாரி வந்து வாய்மொழித் தேர்வு வைப்பார். பதினைந்து பேரில் பத்துப் பேர் தேற வேண்டும். தேறாவிட்டால் வகுப்பை மூடிவிட்டு அறையை வேறு பயனுக்குக் கொடுத்துவிடுவார்கள். கேள்விகளும் கடிதத்தோடு வந்திருந்தன. மொத்தம் எட்டு. எட்டில் ஆறுக்காவது முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும்; முதல் நாலும் கட்டாயம்.

டீச்சர் ஒத்திகை வைத்தார். முதல் கேள்வி, உங்கள் பெயர் என்ன. எல்லாரும் சொன்னார்கள். இரண்டாவது, எங்கே வசிக்கிறீர்கள். அதையும் சொன்னார்கள். மூன்றாவது, உங்கள் கணவரின் பெயர் என்ன.

தங்கம் கூரையைப் பார்த்தார். நூருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ரத்தினம்மா கூடையிலிருந்த முட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினைந்து பேரில் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.

டீச்சர் தன் குறிப்பேட்டில், 'மூன்றாம் கேள்வி புரியவில்லை. மீண்டும் பயிற்சி' என்று எழுதினார். இரண்டு வாரம் அதையே நடத்தினார். அண்ணன் பெயர், தம்பி பெயர், பக்கத்து வீட்டுக்காரர் பெயர், பூனையின் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தன. கணவர் பெயர் மட்டும் வரவில்லை.

"இவ்வளவு சுலபமான கேள்விக்கு ஏன் எல்லாரும் இப்படி முழிக்கிறீங்கள்?" என்று அவர் ஒருநாள் பொறுமை இழந்தார்.

தங்கம் எழுந்தார். வகுப்பில் துணிச்சல்காரி அவர்தான். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஒருக்கா நீங்க சொல்லிக் காட்டுங்களேன். வாட் இஸ் யுவர் ஹஸ்பண்ட்ஸ் நேம்?"

"மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ்..." என்று டீச்சர் தொடங்கினார்.

மேலே வரவில்லை. புருஷன் பேரை வாயால் சொல்வதில்லை என்று அவருக்கு யாரும் உட்கார்த்தி வைத்துக் கற்பித்ததில்லை. தாய் சொல்லவில்லை, சிற்றன்னை சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தை இரண்டு வாரமாகக் கற்பித்த பிறகுதான், அதைத் தன்னாலேயே முடிக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

முதலில் நூருன்னிசா சிரித்தார். பிறகு எல்லாரும். கேலியாகச் சிரிக்கவில்லை, தங்கள் வீட்டுக்குள் ஒருவர் வந்து உட்கார்ந்ததுபோலச் சிரித்தார்கள்.

"அதான் டீச்சர்" என்றார் தங்கம். "கேள்வி நல்லாப் புரியுது. பதிலும் தெரியும். சொன்னா அவங்களுக்கு ஆயுசு கொறையும்னு எங்கம்மா சொல்லும். நான் அதெல்லாம் நம்பலை. ஆனா வாய் வரமாட்டேங்குதே."

"வேறு யாரும் உங்கட வீட்டுக்காரர் பேரைச் சொல்லலாமோ?" என்று டீச்சர் கேட்டார்.

"அடுத்தவங்க சொன்னா என்ன? ஊரே சொல்லுது. அவங்க பேரு என்ன ஒளிச்சு வைக்கிறதா?"

அன்றே டீச்சர் முறையை மாற்றினார். இருவர் இருவராக உட்கார்ந்தார்கள். யாரும் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். "திஸ் இஸ் நூருன்னிசா. ஹர் ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் சேக் தாவூது" என்று தங்கம் மூச்சுவிடாமல் சொன்னார். "திஸ் இஸ் தங்கம். ஹர் ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் மாணிக்கம். ஹி ஈட்ஸ் டூ மச்" என்று நூருன்னிசா திருப்பிக்கொடுத்தார். மற்றவரின் கணவர் என்றதும் எல்லாருக்கும் இங்கிலீஷ் பெருகியது.

பதினைந்து பேரில் ஒருவர் மிஞ்சினார். அது ரத்தினம்மா. அவருக்கு டீச்சரே கூட்டாளியானார்.

இங்கே டீச்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. நாற்பத்தொன்றில் அவருக்குக் கல்யாணம்; மாப்பிள்ளை தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் கிளார்க். நாற்பத்து மூன்றில் ஜப்பானியர் அவரைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பினார்கள். ஒரு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. யுத்தம் முடிந்து திரும்பியவர்களில் சிலர் அவரை ஒரு முகாமில் பார்த்ததாகச் சொன்னார்கள். சிலர் வேறு முகாம் என்றார்கள். செய்ய வேண்டியதைச் செய்துவிடச் சொல்லி உறவினர் வற்புறுத்தினார்கள். டீச்சர் மறுத்துச் சண்டை போடவில்லை, செய்யவுமில்லை. பொட்டும் தாலியும் இருந்தபடியே இருந்தன. ரங்கூன் ரோட்டில் தமையன் குடும்பத்தோடு குடியிருந்தார். அந்த வீட்டில் காலப்போக்கில் யாரும் அந்தப் பேரை எடுப்பதில்லை. அவர் மனம் நோகும் என்பதால் அவர்கள் சொல்லவில்லை. வழக்கம் என்பதால் அவர் சொல்லவில்லை. ஒரு மனிதனின் பெயர் உலகத்தில் எங்குமே ஒலிக்காமல் போவதற்கு அன்பும் மரியாதையும் சேர்ந்தாலே போதும்.

ரத்தினம்மா கேட்டார். "டீச்சர், நான் உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லணுமே. எனக்குத் தெரியாதே."

டீச்சர் சிலேட்டை எடுத்து எழுதினார். ரத்தினம்மா பக்கத்தில் சாய்ந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார். அவருடைய தமிழ்ப் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது.

"க... ன... க... கனகசூ... கனகசூரியம்."

பல வருஷத்துக்குப் பிறகு ஓர் அறையில் அந்தப் பெயர் சத்தமாகக் கேட்டது. வெளியே ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு போனார்.

"சரியா டீச்சர்?"

"ம்."

"எங்க இருக்கார்?"

"சயாமுக்குப் போனவர். ஜப்பான்காரன் காலத்தில், ரயில் பாதை வேலைக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்டும் இல்லை."

ரத்தினம்மா சிலேட்டைக் கையிலேயே வைத்திருந்தார். "ஜொகூர் எஸ்டேட்ல இருந்த எங்க பெரியப்பாவும் அப்படிப் போனவருதான்" என்றார். டீச்சர் நாலாவது கேள்விக்கு, கணவர் என்ன வேலை செய்கிறார் என்பதற்கு, 'ஹி இஸ் எ ரயில்வே கிளார்க்' என்று சொல்லிக்கொடுத்தார். ரத்தினம்மா அதைப் பத்து முறை சொன்னார். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் சிலேட்டை அழிப்பார்கள். அன்று ரத்தினம்மா அதை அழிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

தேர்வு நாளன்று குலசிங்கம் என்ற அதிகாரி வந்தார். வெள்ளை முழுக்கால் சட்டை, தோல் பை, இரண்டு பென்சில். முதலில் நூருன்னிசாவைத் தனியாக உட்கார்த்திக் கேட்டார். மூன்றாவது கேள்வி வந்ததும் நூருன்னிசா வாயை மூடிக்கொண்டார். பின்பெஞ்சிலிருந்து தங்கம் எழுந்து, "சேர், ஹர் ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் சேக் தாவூது" என்றார்.

"உங்களை நான் கேட்கேல்லை" என்றார் குலசிங்கம்.

அடுத்து வந்தவருக்கும் அப்படியே ஆயிற்று. அதிகாரி பென்சிலை வைத்துவிட்டு டீச்சரை வராந்தாவுக்கு அழைத்தார்.

"டீச்சர், நான் எப்படி மார்க் போடுறது? இன்னும் ரெண்டு பேர் இப்படி எண்டால் மிச்சத்தையும் நம்பேலாது."

"இவைக்குப் பதில் தெரியும் ஐயா. தங்கட வாயால சொல்ல மாட்டினம், அவ்வளவுதான். இரண்டிரண்டு பேரா வைச்சுக் கேளுங்கோ. ஒராள் மற்றவவைப் பற்றிச் சொல்லுவா."

"அறுபத்து மூண்டிலயும் இந்தப் பழக்கமோ? இதுக்காகக் கேள்வியை மாத்தேலுமே?"

டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். "வீட்டில உங்களை எப்படிக் கூப்பிடுவினம் ஐயா?"

குலசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. "இஞ்சாருங்கோ எண்டு" என்றார்.

"உங்கட வீட்டம்மா இங்கிலீஷ் படிச்சவ எண்டு கேள்வி."

"சீனியர் பாஸ் பண்ணினவ."

"இந்தத் தேர்வில தவறியிருப்பா."

அதிகாரி பையிலிருந்து கேள்வித் தாளை எடுத்து இன்னொரு முறை வாசித்தார். கடைசியில், "கணவரின் பெயரைச் சொல்ல வேணும் எண்டுதான் கிடக்கு. ஆருடைய கணவர் எண்டு இதில ஒண்டும் இல்லை" என்றார். சிரிப்பில்லாமல்தான் சொன்னார். "சோடி சோடியா வரச் சொல்லுங்கோ. ஆனால் நீங்கள் வாய் திறக்கக் கூடாது."

ஏழு சோடிகள் போய் வந்தன. டீச்சர் தள்ளி உட்கார்ந்து பென்சிலின் அசைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியென்றால் சிறு கோடு, தவறென்றால் வட்டம். தங்கம் ஆறாவது கேள்வியில் தடுமாறி, மிச்சத்தையும் சொல்லாமல் எழுந்துவிட்டார். மேலும் நாலு பேர் பதற்றத்தில் கோட்டைவிட்டார்கள். பதினாலு பேரில் ஒன்பது பேர் தேறினார்கள்; இன்னும் ஒருவர் வேண்டும். மிச்சம் இருந்தது ரத்தினம்மா ஒருவர்.

கூட்டாளி வேண்டுமே. டீச்சர் எழுந்து வந்து, படிக்க வருபவர்கள் உட்காரும் நாற்காலியில் ரத்தினம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குலசிங்கம் ஒரு கணம் பார்த்தார், தடுக்கவில்லை.

"ஹூ இஸ் ஷி?"

"திஸ் இஸ் பூரணம் டீச்சர்."

எங்கே வசிக்கிறார் என்று கேட்டார். ரங்கூன் ரோடு. சரி. மூன்றாவது கேள்வி. ரத்தினம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஹர் ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் கனகசூரியம்" என்றார். சந்தையில் சொல்வதைப்போலத் தெளிவாக, கூச்சமில்லாமல் சொன்னார்.

"வாட் டஸ் ஹி டூ?"

பத்து முறை சொல்லிப் பழகிய வாக்கியம். டீச்சர் தன் உதடு அசையாமல் இருக்கக் கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார். ரத்தினம்மா அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. அவர் டீச்சரின் பொட்டைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார். அது உண்மையான பதில் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஹி கோ சயாம்" என்றார். "ஜப்பான் டைம். டிரெயின்."

பழக்க தோஷத்தில் டீச்சரின் மனம் திருத்தியது. கோ இல்லை, வெண்ட். டைம் முன்னால் ஒரு சொல் வேண்டும். முழு வாக்கியமாக வேண்டும். கட்டாயக் கேள்வி. பென்சில் வட்டம் போடத் தாளைத் தொட்டது.

ரத்தினம்மா இன்னும் முடிக்கவில்லை. வெறுங்காற்றில் எதையோ எட்டிப் பிடிப்பதுபோல அவருடைய கை மேசைமேல் நகர்ந்தது. கதவோரத்தில் எத்தனையோ சனிக்கிழமைகள் வராத பஸ்ஸுக்காக நின்று சொன்ன சொல் ஒன்று அவரிடம் இருந்தது. அதிலிருந்து பஸ்ஸை எடுத்துவிட்டார். தன்னையும் எடுத்துவிட்டார்.

"ஷி இஸ் வெயிட்டிங்" என்றார்.

யாரும் சொல்லிக்கொடுக்காத வாக்கியம். அவள் காத்திருக்கிறாள். பத்தொன்பது வருஷமாக ரங்கூன் ரோட்டு வீட்டில் யாரும் எந்த மொழியிலும் சொல்லாதது.

பின்பெஞ்சில் நூருன்னிசா முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குலசிங்கம் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் வீட்டிலிருந்தும் யாராவது அந்த ரயில் பாதைக்குப் போயிருந்தார்களா, அல்லது வெறும் இரக்கம்தானா, டீச்சர் பிறகும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அப்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "அதுவும் முழு வாக்கியம்தானே, ஐயா?" வாய் திறக்கக் கூடாது என்ற விதியை அவர் மீறியது அந்த ஒரு முறைதான்.

"ஓம்" என்றார் குலசிங்கம். "முழு வாக்கியம்தான்." சிறு கோடு போட்டார். மீதி நாலு கேள்விகளில் ரத்தினம்மா மூன்றைச் சொன்னார். வகுப்பு நிலைத்தது.

அதிகாரி போன பிறகு பெண்கள் பெஞ்சுகளைப் பழையபடி திருப்பிப் போட்டார்கள். தங்கம், தான் தவறியதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்த வருஷமும் வருவதற்கு ஒரு சாக்கு கிடைத்தது என்றார்.

ரத்தினம்மா மட்டும் மேசையருகே நின்றுகொண்டிருந்தார். "டீச்சர், நீங்க சொல்லிக்கொடுத்ததைச் சொல்லாம விட்டுட்டேன். தப்பா?"

டீச்சர் அலமாரியைத் திறந்தார். அழியாமல் இருந்த சிலேட்டு அங்கே இருந்தது. அதை எடுத்துப் பெயருக்குக் கீழே 'ஷி இஸ் வெயிட்டிங்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். முதல் எழுத்து பெரியது, கடைசியில் முற்றுப்புள்ளி. மாணவி சொன்ன எதையும் திருத்தாமல் விட்டறியாதவர், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சுண்ணக்கட்டி கையில் இருந்தது. திருத்துவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

"கோ இல்லை, வெண்ட்" என்றார் கடைசியில். "மற்றது சரி."